ஒரு போத்தல் தண்ணீர் சாட்சியாகாது

பேராதனையிலிருந்து கெட்டம்பேயைக் கடந்து கட்டுகஸ்தோட்டையை நோக்கி வரும் மகாவலி கங்கையின் கரையோரத்தில் கொஹாகொடை என்னும் இடம் இருக்கின்றது. கண்டி மாநகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு மேடாகிப்போன இடம் அது. குப்பைக்கு அடியில் நீர் இறங்காதவாறு தடுப்பு எதுவும் இடப்படாமலே அது வளர்ந்தது. மழை பெய்தால் நீர் குப்பையினூடாக இறங்கி, அழுகியவற்றையும் கரைந்தவற்றையும் சேர்த்துக்கொண்டு, கறுத்த சாறாக அடிவாரத்தில் வடியும். இதனைக் கசிவுநீர் என்பர். பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இக்கசிவுநீரைப் பல தடவை பரிசோதித்து எழுதியுள்ளனர். அழுகற் பொருட்களும் அமோனியாவும் பார உலோகங்களும் அதில் உள்ளன என்பது இன்று விவாதத்திற்குரிய விடயமன்று. அது மகாவலியிற் சேர்வதும் ஊரறிந்ததே. அங்கிருந்து கங்கை பொல்கொல்லைக்குச் செல்கின்றது. பொல்கொல்லை அணைக்கட்டில் 1976ஆம் ஆண்டு தொடக்கம் அந்நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாகத் திருப்பப்பட்டு உலர் வலய வயல்களுக்குப் போகின்றது. கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்காக வீடு வயல் இழந்து மகாவலி வலயங்களிற் குடியேறிய குடும்பங்களுக்கும் கொஹாகொடைக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆற்றிற் கலப்பதைக் கண்ணாற் காணலாம். நிலத்துக்குள் இறங்குவதைக் காண்பதற்குக் கிணற்றை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் கிணற்று நீரை எப்படிப் பரிசோதித்தால் உண்மை தெரியும், எப்படிப் பரிசோதித்தால் உண்மை மறையும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது விஞ்ஞானிகளின் விடயம், எமக்கேன் என்று வாசகர்கள் எண்ணலாம். இடம்பெயர்ந்த குடும்பத்திற்குக் கிடைக்கும் காணி எத்தகையது என்பதை அவர்களே அறிவார்கள். வேறு எவரும் விரும்பாத காணியே பெரும்பாலும் அவர்களுக்கு எஞ்சும். குப்பைமேட்டின் அயலும் அப்படியான இடமே. யுத்தத்தால் பெயர்ந்தோர், 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கையிலும் மண்சரிவால் பெயர்ந்தோர், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையிற் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது எல்லாவற்றையும் இழந்தோர் என, புதுக் காணியிற் புதுக் கிணறு வெட்டவேண்டிய நிலையில் உள்ளோர் எம்மத்தியிற் பலர்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று பெரிய வெள்ளி. சித்திரைப் புத்தாண்டும் அன்றுதான். நாடு முழுவதும் அழுதது. மலை சரிந்தால் நாடு திரும்பிப் பார்க்கின்றது. அதே மலையின் அடியிலிருந்து சாறு கசிந்து இருபது வருடங்களாகக் கிணறுகளுக்குட் போனால் எந்தப் பத்திரிகையிலும் படம் வராது. கசிவுக்குப் படம் இல்லை. எண்கள் மட்டுமே உண்டு. ஆகவே எண்களை விளங்கிக்கொள்வது எமது கடமையாகின்றது.

வழமையாக நடப்பது இதுதான். கிணற்று நீர் நாறுகின்றது என்று மக்கள் முறையிடுவார்கள். சில நாட்களின் பின் ஓர் உத்தியோகத்தர் வந்து ஒரு போத்தலில் நீர் எடுத்துச் செல்வார். சில வாரங்களின் பின் ஓர் அறிக்கை வரும். அதில் நீர் நியமத்துக்கு உட்பட்டது, குடிப்பதற்கு உகந்தது என்றிருக்கும். அத்துடன் விடயம் முடிந்துவிடும். சில வேளைகளில் மறுதலையாகவும் நடக்கும். ஒரு போத்தலில் ஏதோவொன்று கூடியிருப்பதாக அறிக்கை வந்ததும், ஊர் முழுவதும் நஞ்சு குடிக்கிறது என்ற பேச்சு கிளம்பும். அடுத்த முறை எடுத்த போத்தல் சரியாக இருந்துவிட்டால், முறையிட்டவர்கள் பொய்யர் ஆகிவிடுவார்கள். இரண்டிலும் தவறு ஒன்றே. ஒரு நாளில், ஒரு கிணற்றில், ஒரு போத்தலில் எடுத்த நீர் அந்த நாளுக்கு மட்டுமே சாட்சி. குப்பைமேட்டைக் குற்றவாளியாக்கவும் அதனால் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது என்பதே எனது கருத்து.

முதலில் நியமம் என்ற சொல்லைப் பார்ப்போம். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 614ஆம் இலக்க நியமம் குடிநீரில் குளோரைட்டு ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. நைத்திரேற்றுக்கு எல்லை 50 மில்லிகிராம். இந்த எல்லைகள் குடிப்பவருக்கு உடனடித் தீங்கு அல்லது சுவைக்கேடு வராமற் காப்பதற்கானவை. குப்பைமேட்டுச் சாறு கிணற்றுக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் அவை விடை சொல்லா. உதாரணத்துக்கு, ஒரு கிணற்றில் வழமையாக 20 மில்லிகிராம் குளோரைட்டு இருந்து, மூன்று வருடத்தில் 120 ஆகின்றது என வைத்துக்கொள்வோம். நியமத்தின்படி அது இன்னும் நல்ல நீர். ஆனால் ஏதோவொன்று அக்கிணற்றுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. குளோரைட்டை மண் பிடித்துவைப்பதில்லை. கிருமிகள் அதனைத் தின்பதுமில்லை. நீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களையும் அமோனியாவையும் களிமண் ஓரளவு தடுத்துவைக்கும். எனவே குளோரைட்டு முன்னே வரும் தூதுவன். பின்னே வருபவை வரும்வரை காத்திருந்துதான் விழித்துக்கொள்ள வேண்டுமா? கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை: கொதித்தல் கிருமிகளைக் கொல்லும். உப்பும் உலோகமும் கொதித்து ஆவியாகிப் போவதில்லை. நீர் வற்ற வற்ற அவை சற்றுத் தடிக்கவே செய்யும்.

மாற்றத்தைக் காண்பதற்கு ஒப்பிட ஏதாவது வேண்டும். இதற்குப் புள்ளிவிபரவியலார் இரண்டு வழிகளைச் சொல்கின்றனர். ஒன்று, குப்பை கொட்டத் தொடங்குவதற்கு முன் அதே கிணற்றின் நிலை. மற்றது, கசிவு சென்றடைய முடியாத மேற்பக்கத்துக் கிணறு. கண்டிப் பகுதியில் மேற்பக்கத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினமில்லை. இங்கு அடியில் வன்பாறை. அதன் மேல் உக்கிய பாறையும் மண்ணும். ஆழமில்லாக் கிணறுகளுக்கு நீர் தருவது இந்த மேற்படைதான். அது பொதுவாகச் சரிவின் வழியே பள்ளத்தை நோக்கி, ஆற்றை நோக்கி நகரும். ஆழ்துளைக் கிணறுகளின் கதை வேறு. அவற்றுக்கு நீர் பாறை வெடிப்புகளின் வழியே வருவதால் மேல் கீழ் என்ற கணக்குப் பொய்த்துப் போகலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் இந்த மலைநாட்டுக் கணக்கு செல்லாது.

மேற்பக்கத்துக் கிணறு ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் எமது விவசாயிகளுக்கு நன்கு விளங்கும். மரக்கறித் தோட்டத்துக்கு நாம் இடும் மியூறியேற்றுப் பொட்டாசு வேறொன்றுமன்று, பொட்டாசியம் குளோரைட்டு. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். மலசலகூடக் குழியிலிருந்தும் இவ்விரண்டும் வரும். ஆகவே குளோரைட்டு கூடிவிட்டது என்றால், அது உங்கள் பசளை, உங்கள் மலசலகூடம் என்று மறுபக்கத்தார் சொல்ல இடமுண்டு, அது சில வேளை உண்மையாகவும் இருக்கும். அதே பயிர் செய்யும், அதே அளவு பசளை இடும், அதே மாதிரி மலசலகூடம் உள்ள மேற்பக்கத்துக் கிணற்றோடு ஒப்பிட்டால் மட்டுமே இந்த வாதத்துக்குப் பதில் கிடைக்கும். ஒன்றை இங்கு மறைக்காமற் சொல்லவேண்டும்: நைத்திரேற்று மட்டும் கூடிய கிணற்றைக் காட்டிக் குப்பைமேட்டைக் குற்றஞ் சாட்டுவது பலவீனமான வழக்கு. புதுச் சாற்றில் நைதரசன் பெரும்பாலும் அமோனியா வடிவிலேயே இருக்கும். நைத்திரேற்றுக்குத் தோட்டத்தையே முதலிற் பார்க்கவேண்டும்.

பருவம் அடுத்த சிக்கல். கட்டுகஸ்தோட்டையில் மாசி பங்குனியிற் கிணறு வற்றும். ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும். வற்றும் காலத்தில் உப்பு தடித்துக் காணப்படும், மழைக்குப் பின் கரைந்து குறையும். சில இடங்களில் இதற்கு எதிராக, முதல் மழையே குப்பையைக் கழுவிப் புதுச் சாற்றை அனுப்பும். ஆகையால் பங்குனியில் எடுத்த போத்தலையும் கார்த்திகையில் எடுத்த போத்தலையும் அருகருகே வைத்துக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவது பிழை. பங்குனியை அடுத்த பங்குனியோடும் கார்த்திகையை அடுத்த கார்த்திகையோடும் ஒப்பிடல் வேண்டும். மழைக்குப் பின்னர் மட்டுமே மாதிரி எடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால், அதனை ஏன் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை.

இனி எத்தனை போத்தல் என்ற கேள்வி. கணக்கென்றாற் பயப்படும் வாசகர்கள் இப்பந்தியைத் தாண்டிப் போகாதிருக்க வேண்டுகிறேன். சீட்டுப் பிடிக்கும் எமது தாய்மாருக்கு இதைவிடக் கடினமான கணக்குகள் தெரியும். மேற்பக்கத்திலிருந்து இரண்டு போத்தல், கீழ்ப்பக்கத்திலிருந்து இரண்டு போத்தல் எடுத்தோம் என்போம். கீழ்ப்பக்கத்து இரண்டும் மேற்பக்கத்து இரண்டையும்விடக் கூடியிருக்கின்றன. கசிவு நிரூபணமாகிவிட்டதா? இல்லை. நான்கு எண்களைக் கண்ணைமூடி இரண்டிரண்டாகப் பிரித்தாலே, ஆறு தடவைக்கு ஒரு தடவை பெரிய இரண்டும் கீழ்ப்பக்கத்துக்கே தற்செயலாக வந்துவிடும். மும்மூன்று போத்தல் எடுத்தால் அந்தத் தற்செயல் இருபதில் ஒன்றாகக் குறையும். நந்நான்கு எடுத்தால் எழுபதில் ஒன்று. புள்ளிவிபரவியலார் வழமையாகக் கேட்பது தற்செயலின் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்பதே. இதன் கருத்து என்ன? எண்களின் வரிசையை மட்டும் பார்க்கும் முறைப்படி, இரண்டிரண்டு போத்தல்களோடு செய்யப்படும் ஆய்வு கசிவை ஒருபோதும் நிரூபிக்க மாட்டாது. கிணற்றில் என்ன இருந்தாலும் சரி, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்ற வசனம் வாகனம் அலுவலகத்தை விட்டுப் புறப்படும் முன்பே எழுதப்பட்டாயிற்று. இதனை நான் மிகவும் பாரதூரமான விடயமாகக் கருதுகிறேன். போதிய போத்தல் எடுக்காமல் வேறுபாடு இல்லை என்று சொல்வதும், விளக்கை அணைத்துவிட்டு அறையில் எவருமில்லை என்று சொல்வதும் ஒன்றே.

ஒரே நாளில் ஒரே கிணற்றில் நான்கு போத்தல் நிரப்பி, நான்கு மாதிரி என்று கணக்குக் காட்டுவதும் உண்டு. நிலத்தடி நீர் மிக மெதுவாகவே நகரும். இன்றும் நாளையும் எடுப்பது அதே நீர். இடையில் மாதக்கணக்கு இடைவெளி வேண்டும்.

ஒரு கிணற்றின் பழைய பதிவுகள் உங்கள் கையில் இருந்தால் இன்னும் இலகுவான ஒரு விதி உண்டு. மாசில்லாக் காலத்தில் நான்கு தடவை அளந்துள்ளீர்கள். ஐந்தாவது தடவை வரும் எண் முந்திய நான்கையும்விடப் பெரிதாயின் பயப்படவேண்டுமா? எதுவுமே மாறாதிருந்தாலும் ஐந்தில் ஒரு தடவை அப்படி நேரும். பத்தொன்பது பழைய பதிவுகள் இருந்து, இருபதாவது எல்லாவற்றையும் மிஞ்சினால் தற்செயலின் வாய்ப்பு இருபதில் ஒன்றே. பத்தொன்பது பதிவுக்கு ஐந்து வருடம் வேண்டுமே என்று சோர்வடைய வேண்டாம். காலாண்டுக்கு ஒன்றாக இரண்டு வருடத்தில் எட்டுப் பதிவுகள் சேரும். ஒன்பதாவது எட்டையும் மிஞ்சுகிறது. இடைவெளி விட்டு எடுத்த பத்தாவதும் எட்டையும் மிஞ்சுகிறது. இவ்வாறு அடுத்தடுத்து இரண்டும் தற்செயலாக மிஞ்சுவதற்கான வாய்ப்பு நாற்பத்தைந்தில் ஒன்று மட்டுமே. இரண்டு வருடப் பொறுமையும் எட்டுப் பதிவுகளும் அலட்சியம் செய்யமுடியாத சாட்சியாகிவிடுகின்றன.

கூடிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதற்கும் வழியுண்டு. மான், கெண்டல் என்னும் இருவரின் பெயரால் அது வழங்குகிறது. மான் அதனை 1945இல் எழுதினார். எண்ணின் பருமனைப் பாராமல், பிந்தியது முந்தியதை விடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் சோடி சோடியாக எண்ணுவதே அதன் சாரம். ஒரே பருவத்தின் மூன்று வருட எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவது ஆறில் ஒரு தடவை தற்செயலாக நேரலாம். நான்கு பருவங்களும், ஒவ்வொன்றும் தனித்தனியே, மூன்று வருடமும் ஏறியிருந்தால்? அது 1,296இல் ஒன்று. ஒரு எண்கூட நியமத்தைத் தாண்டாதிருக்கலாம். ஆயினும் அந்தக் கிணறு கெட்டுக்கொண்டு வருகிறது என்பதை எந்த நீதிமன்றத்திலும் சொல்லலாம்.

இந்த முறைகளைத் தவறாகப் பயன்படுத்தவும் இடமுண்டு, இரு தரப்பாருக்குமே. ஐந்து கிணறுகளில் எட்டுப் பொருட்களைப் பரிசோதித்தால் நாற்பது பரிசோதனைகள். ஒவ்வொன்றிலும் இருபதுக்கு ஒன்று பொய் எச்சரிக்கை வருமானால், சுத்தமான ஊரிலும் சராசரியாக இரண்டு எச்சரிக்கைகள் கிளம்பும். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது எமது வழக்கையே கெடுக்கும். எனவே குளோரைட்டு, மின்கடத்துதிறன், அமோனியா எனச் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்து, தொடர்ந்து பார்ப்பதே நன்று. மறுபக்கத்தார் செய்யக்கூடியது இன்னொன்று: முடிவு பாதகமாக வந்தால் மறுபடி எடுப்போம், அதுவும் பாதகமா, இன்னொரு தடவை எடுப்போம் என்று, சாதகமான போத்தல் கிடைக்கும்வரை எடுத்து, அதனை மட்டும் அறிக்கையில் இடுவது. எத்தனை தடவை மீள எடுப்பது, எத்தனை மிஞ்சினால் கசிவு என ஏற்றுக்கொள்வது என்பது முதற் போத்தலுக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். ஆட்டம் முடிந்தபின் விதி எழுதலாகாது.

அறிக்கைகளில் வரும் இரண்டு சொற்களையும் கவனியுங்கள். ஒன்று "கண்டறியப்படவில்லை" என்பது. இதன் பொருள் பூச்சியம் அன்று; அந்த ஆய்வுகூடத்துக் கருவி காணக்கூடிய மிகச் சிறிய அளவுக்கும் கீழே என்பதே. ஈயத்துக்குக் குடிநீர் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். கருவி 0.05க்குக் கீழே காணாதாயின், எல்லையைப் போல் நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்றே சொல்லும். கருவியின் எல்லை எவ்வளவு என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். மற்றது "சராசரி". நான்கு கிணறுகளில் 20, ஐந்தாவதில் 220 என்றால் சராசரி 60. அறிக்கை அழகாக இருக்கும். ஐந்தாவது வீட்டுக்காரர் சராசரியையா அள்ளிக் குடிக்கிறார்?

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்போர் சுன்னாகத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். அது குப்பைமேடன்று, டீசல் மின்நிலையம். ஆயினும் கிணறும் சாட்சியும் பற்றிய வழக்கே. அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் எல்லைக்கு மேல் இருப்பதைக் காட்டின. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான பொருட்கள் இல்லை என்றது. யாழ்ப்பாணத்து மக்கள், அவர்களிற் பலர் யுத்தம் முடிந்து மீளக் குடியமர்ந்த விவசாயிகள், எந்த அறிக்கையை நம்புவதென்று தெரியாமல் தண்ணீர்த் தாங்கி லொறிகளுக்குக் காத்திருந்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி மின்நிலைய நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. பல கிணறுகளில், மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்ட பரிசோதனை முடிவுகள் இல்லாதிருந்தால் அந்த வழக்கு எங்கு போய் நின்றிருக்கும்?

எனக்கு இதில் ஒரு முறைப்பாடு உண்டு. புள்ளிவிபரவியலின் வழமை, மாசு இல்லை என்ற கருதுகோளிலிருந்து தொடங்குவது. அதை உடைக்கும் பொறுப்பு மாசைச் சொல்பவர் மேல் விழுகிறது. ஒரு மனிதனைக் குற்றவாளியெனத் தீர்ப்பதற்கு இது நல்ல விதி. குப்பைமேட்டுக்கு அந்தச் சலுகை ஏன்? தினந்தோறும் லொறி லொறியாகக் கொட்டுவோரே கசியவில்லை என்று காட்டட்டும். அதற்கான கண்காணிப்புக் கிணறுகளை வெட்டும் செலவும் ஆய்வுகூடச் செலவும் அவர்களுடையது. பணமும் பதிவும் உத்தியோகத்தரும் அவர்கள் பக்கம் இருக்கையில், நேற்று வந்து குடிசை போட்ட குடும்பம் நிரூபிக்கட்டும் என்பது நீதியன்று. ஈசாக்கின் கதையை நாம் அறிவோம். அவருடைய தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர். அவர் இடம்பெயர்ந்து மீண்டும் வெட்டினார். வெட்டிய இடத்தில் வழக்காடினர். மேலும் பெயர்ந்து வெட்டினார். அவருக்குப் போவதற்கு இன்னொரு பள்ளத்தாக்கு இருந்தது. ஐந்தாறு பரப்பு அனுமதிப்பத்திரக் காணி உள்ளவருக்கு அதுவும் இல்லை.

இது நடைமுறைச் சாத்தியமற்ற கோரிக்கையன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1991இல் வந்த விதிகள் குப்பை நிரப்பிடங்களுக்கு மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் கண்காணிப்புக் கிணறுகளைக் கட்டாயமாக்கின. தொடக்கத்தில் ஒவ்வொரு கிணற்றிலும் தனித்தனியான நான்கு மாதிரிகள், பின் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எந்தப் புள்ளிவிபர முறை என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படல், மூடியபின்னும் முப்பது வருடக் கண்காணிப்பு என்பன அவற்றிற் சில. செலவு நிரப்பிடத்தை நடத்துவோருடையது. அங்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றது என நான் சொல்லவரவில்லை. ஆனால் மூடியபின் முப்பது வருடம் என்பதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கொஹாகொடையில் நாளைக்கே கடைசி லொறி கொட்டிவிட்டுப் போனாலும், அதன் சாறு இன்று பிறக்கும் பிள்ளை தகப்பனாகும்வரை கவனிக்கப்படவேண்டியது.

அதுவரை சும்மா இருக்கவேண்டியதில்லை. குப்பைமேட்டுக்கு அருகில் காணி கிடைத்தவர்கள், கிடைக்கப்போகிறவர்கள், கிணறு வெட்டிய மாதத்திலேயே முதற் போத்தலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பிரதேச பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகவும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் இதனைச் செய்விக்கலாம். பின்னால் வரும் எல்லா எண்களும் இந்த முதல் எண்ணோடுதான் ஒப்பிடப்படும். தவறவிட்டால் அது திரும்பக் கிடையாது. வெள்ளம் புகுந்த கிணறாயின் இறைத்துச் சுத்தம் செய்து நீர் தெளிந்தபின் எடுங்கள். மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்க மானி ஒன்றைப் பங்கிலுள்ள சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ வாங்கிவைத்தால், மாதமொருமுறை எல்லாக் கிணறுகளையும் இளைஞர்களே அளந்துவிடலாம். நீரிற் கரைந்த உப்பெல்லாம் சேர்ந்து எவ்வளவு என்பதை அது காட்டும். ஆய்வுகூடத்துக்கு எப்போது ஓடவேண்டும் என்பதை அதிலிருந்து அறியலாம். ஒரு கொப்பியில் திகதி, கிணறு, நீர்மட்டம், முந்திய வாரம் மழை பெய்ததா, பசளை எப்போது இட்டது, அளவு என்பவற்றை எழுதுங்கள். பசளையை மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் கொப்பி முழுவதும் நம்பிக்கை இழக்கும். மேற்பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க அந்த வீட்டாரிடம் கேளுங்கள். சிங்களக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, கசிவுநீர் பெயர் கேட்டு வருவதில்லை.

ஏற்கனவே அதிகாரிகள் எடுத்த அளவுகளும் உங்களுடையவையே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், மாநகர சபை, பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகியவற்றின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குமேல் ஆணைக்குழு இருக்கின்றது. விண்ணப்பத்தில் "நீர் நல்லதா" என்று கேட்காதீர்கள். ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். எந்தக் கிணறுகளில், எந்தத் திகதிகளில், எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன. மேற்பக்கத்துக் கிணறு எது. ஒவ்வொரு பொருளுக்கும் கருவியின் எல்லை என்ன. சராசரி வேண்டாம், ஒவ்வொரு அளவும் தனித்தனியே வேண்டும். மீள எடுத்த மாதிரிகள் எத்தனை, அவற்றின் முடிவுகள் யாவை என்று கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியையும் அதே கொப்பியில் ஒட்டிவையுங்கள்.